பூ தடவுகிற வேலை

"போட்டோவுக்காகப் பூவைக்கூடத் துடைக்க விட்டிருக்கான் பாரு" என்றாள் காரில் வந்து இறங்கியவள்.

வள்ளித்தாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அவள் துடைக்கவில்லை. உள்ளங்கையில் வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு சூரியகாந்தியாகத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு பூவின் மகரந்தம் அடுத்த பூவில் ஒட்டினால்தான் விதை நன்றாகப் பிடிக்கும், இல்லாவிட்டால் பாதிக்குப் பாதி பதராகப் போகும். காலையில் வெயில் ஏறுவதற்குள் செய்ய வேண்டிய வேலை. இதையெல்லாம் இவளுக்கு யார் உட்கார்ந்து விளக்குவது?

அடுத்த வரிசையில் சொக்கம்மாளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, முழங்கையில் கிழிசல், தலையில் அழுக்குத் துண்டு.

சீசன் வந்தால் சுந்தரபாண்டியபுரத்துக்கு இந்தத் தொல்லை உண்டு. குற்றாலத்தில் குளித்த ஈரத்தலையோடு கார் காராக வருவார்கள். ரோட்டோரத்தில் ஒருத்தன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆளுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு பூக்காட்டுக்குள் விடுவான். இருபது ரூபாய் கொடுத்தவர்களுக்குச் செடியை மிதிக்கவும் பாத்தியதை வந்துவிடும்.

இவர்கள் புருஷன் பெண்டாட்டி. ஸ்வர்ணா, கேஷவ் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சண்டை போட்டார்கள். தென்காசியில் பூர்வீக வீடு, பெங்களூரில் உத்தியோகம் என்பதும் அந்தச் சண்டையிலேயே தெரிந்துவிட்டது.

இந்தக் காலத்தில் ஒழுங்காக உழைக்கிறவன் எவனும் ஏழையாக இருப்பதில்லை என்றான் கேஷவ்.

அப்படியானால் இந்த இரண்டு பேரும் விடிந்ததிலிருந்து செய்வதற்கு என்ன பேர் என்று கேட்டாள் ஸ்வர்ணா.

அவன் பேச்சை நிலத்துக்காரன் பக்கம் திருப்பினான். விதை, உரம், மோட்டார் என்று பணத்தையெல்லாம் மண்ணில் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன்தானே, லாபம் அவனுக்குப் போவதில் என்ன தப்பு என்றான்.

"அய்யா சொல்லுததுல ஞாயம் இருக்கு" என்றாள் சொக்கம்மாள், பூவிலிருந்து கையை எடுக்காமல்.

ஸ்வர்ணாவின் முகம் சிவந்துவிட்டது. கூலி வாங்குகிறவளே கொடுக்கிறவனுக்குப் பரிந்து பேசுகிறாளே என்று நினைத்திருப்பாள். இவளிடம் பேசிப் பயனில்லை என்று வள்ளித்தாய் பக்கம் திரும்பி, முதலாளி கூலி எவ்வளவு கொடுக்கிறார் என்று கேட்டாள்.

வள்ளித்தாய் சொக்கம்மாளைப் பார்த்தாள். சொக்கம்மாள் நிமிரவில்லை.

வள்ளித்தாய் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கட்டட வேலைக்குப் போன புருஷன் சாரத்திலிருந்து விழுந்து, கால் ஒடிந்து படுத்து மூன்று மாதமாகிறது. வீட்டில் அடுப்பு எரிவது இவள் கூலியில்தான். ஐம்பது ரூபாய் கூட்டித் தரச் சொல்லி எட்டு நாளாகக் கேட்கிறாள். பூ முடியட்டும், பார்ப்போம் என்பதுதான் ஒவ்வொரு நாளும் கிடைத்த பதில். இன்றைக்காவது கேட்க ஒரு ஆள் வந்திருக்கிறது, விடுவானேன் என்று தோன்றியது.

"முன்னூறு. அம்பது கூடக் கேட்டா காது கேக்காத மாதிரி இருக்காவ. ரோட்டுல உக்காந்து வசூல் பண்ணுததே எங்க கூலியப் போல நாலு மடங்கு வரும். குடுக்கதுக்கு மனசுதான் இல்ல."

அக்கம்பக்கத்துக் காட்டுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். எட்டு நாள் நெஞ்சில் அடைத்துக்கொண்டு கிடந்தது இறங்கின மாதிரி இருந்தது.

கேஷவ் உதட்டைப் பிதுக்கினான். பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதானே என்றான்.

அவன் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பிடுங்கி வரப்பில் அடிக்கலாம் போல வந்தது வள்ளித்தாய்க்கு. வேறு இடமாம். ஊரெல்லாம் வேலை பார்த்து வைத்துவிட்டு வந்தவன் மாதிரி பேசுகிறான்.

ஸ்வர்ணா அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கைப்பையைத் திறந்து ஒரு ஐநூறு ரூபாய்த் தாளை எடுத்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிழிந்த சட்டை கண்ணில் பட்டதோ என்னவோ, சொக்கம்மாள் கையில்தான் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் பிரிச்சு எடுத்துக்குங்கம்மா. முதலாளிக்குத் தெரிய வேண்டாம்."

சொக்கம்மாள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். பிள்ளைகுட்டியோடு நல்லா இருக்கணும் என்று வாழ்த்தவும் செய்தாள். வள்ளித்தாய் தடவுவதை நிறுத்திவிட்டு அந்தக் கும்பிடையே பார்த்தாள்.

புருஷனும் பெண்டாட்டியும் விட்ட இடத்திலிருந்து சண்டையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார்கள். போகிற வழியில் இரண்டு செடி ஒடிந்தது. கார்க் கதவுகள் படார் படார் என்று சாத்திக்கொண்டன.

வள்ளித்தாய் தன் பங்குக்குக் கையை நீட்டினாள்.

சொக்கம்மாள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"முதலாளிக்குத் தெரிய வேண்டாம்னாள்லா. தெரிஞ்சு போச்சேட்டி. நாளையிலேருந்து நீ வராண்டாம்."

அந்த மூன்று ஏக்கர் பூவும் சொக்கம்மாளுடையது. ரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் அவள் மகன்.

"என்ன பாக்க? அந்தக் காருக்கு முன்னால நானும் இல்லாதவதான். அதான் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பூவுக்குப் போய்விட்டாள்.

வள்ளித்தாய்க்கு நாக்கு நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. வெளியே விட்டால் சொக்கம்மாள் செத்தாலும் மறக்க மாட்டாள். அதை விழுங்கிக்கொண்டு, துணி சுற்றிய கையால் எதிரே நின்ற பூவைப் பிடித்தாள்.

இன்றைய கூலியைச் சாயங்காலம்தான் கொடுப்பாள்.