தண்ணீர்க் குப்பியின் முறை

காலையிலிருந்து குப்பி குப்பியாக ரத்தத்தை உறிஞ்சிச் சோதித்துக்கொண்டிருந்த எந்திரத்துக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை பார்த்தே இராத ஒன்று அகப்பட்டுவிட்டது!

"கண்டுபிடிச்சுட்டேன்! உனக்குப் புது வியாதி!" என்று அது கத்த, எதிரே நின்ற ரத்தக் குப்பி வெலவெலத்துப் போனது.

அடுத்து, எந்திரத்தைச் சரிபார்க்க வழக்கம்போல இடையில் அனுப்பப்படும் தண்ணீர்க் குப்பியின் முறை. ஒரு வாய் உறிஞ்சியதுமே எந்திரம் துள்ளியது.

"அடேயப்பா, உனக்கும் அதேதான்! தொத்திக்கிச்சு! ஊரெல்லாம் பரவப் போகுது!"

"அண்ணே, நான் வெறும் தண்ணி. எனக்குள்ள ஒண்ணுமே கிடையாதே. அதுக்குத்தானே என்னை அனுப்புறாங்க?"

ரத்தக் குப்பிக்கு உயிர் வந்தது. "அப்போ அந்த வியாதி யாருக்கு?"

பதில் சொல்ல எந்திரம் வாயெடுத்தது. ரத்தம் உறிஞ்சும் அதன் தொண்டையிலேயே என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது.