நீல ஹான்போக்

“என் பொண்ணு கல்யாணத்துல நான் நீலம் போடறதா? பார்க்கறவங்க வாயால சிரிக்க மாட்டாங்க,” என்றாள் யோன்சுக். மேசைமேல் விரித்திருந்த நீலப் பட்டுத் துணியை அப்படியே தள்ளியும் விட்டாள்.

குவாங்ஜாங் சந்தையின் மாடியில் கல்யாணத்துக்கு உடுத்தும் ஹான்போக் என்ற பட்டு உடையைத் தைக்கும் சின்னக் கடை அது. கடைக்காரப் பெண்மணி கழுத்தில் அளவு நாடாவோடு, கூட வந்திருந்த சங்மோவைப் பார்த்தாள். அவனோ போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“நீலம்தான்னு தம்பி சொன்னாரே.”

“அவன் கிடக்கான். மாப்பிள்ளையைப் பெத்தவதான் நீலம் போடுவா. பொண்ணைப் பெத்தவளுக்கு ரோஸ். இதுகூடத் தெரியாம என்னடா வளர்ந்தே?”

“யாரு வளர்த்தா, தெரியறதுக்கு?” என்றான் அவன், சிரிப்பு மாறாமல்.

யோன்சுக் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் அநாதை ஆசிரமத்தில் வளர்ந்தவன். அவளுக்கும் பிள்ளை குட்டி கிடையாது. பெண், கல்யாணம், சம்பந்தி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை டிவி நாடகத்தில்தான்.

யாருமில்லாத மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு குடும்பம் நடத்தும் கிம்ச்சி ஊறுகாய்க் கடைக்காரியாக அவள் நடித்தாள். கடைக்குட்டிப் பையனாக சங்மோ. வருகிற புதன்கிழமை மூத்தவளின் கல்யாணக் காட்சியை எடுத்துவிட்டால் நாடகம் முடிந்தது.

ஆரம்பத்தில் ஒரு பிறந்தநாள் காட்சி வந்தது. பிறந்தநாளுக்கு எல்லா வீட்டிலும் அம்மா வைக்கிற கடற்பாசி சூப்பைக் குடித்துவிட்டு அவன் வசனம் பேச வேண்டும். வசனத்தை விட்டுவிட்டான். பிறந்தநாளுக்கு இதுவரை யாரும் எனக்கு இதை வைத்துத் தந்ததில்லை என்றான்.

மறுநாள் யோன்சுக் தன் வீட்டிலேயே சூப் வைத்து, பிளாஸ்கில் கொண்டுவந்து, பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தாள். அன்றிலிருந்து கேமரா இல்லாத நேரத்திலும் அவன் அவளை அம்மா என்றான். அவளும் சாப்பிட்டாயா, ஏன் இளைத்துப் போனாய் என்று உயிரை வாங்கினாள்.

புதன்கிழமை வரவே கூடாது என்றிருந்தது அவளுக்கு. அதற்கப்புறம் அவளை அம்மா என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? அந்தப் பயம்தான் இங்கே கோபமாக வந்துகொண்டிருந்தது.

“டிரெஸ் எடுக்க உன்னை யாரு அனுப்பினா? அந்தக் காஸ்ட்யூம் பொண்ணு எங்க போனா?”

“நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்மா.”

“நல்லா கூட்டிட்டு வந்தே. ரெண்டு அம்மாவும் சேர்ந்து மேடையில மெழுகுவத்தி ஏத்தணும். சம்பந்தியும் நீலம், நானும் நீலம்னா டைரக்டர் என்னைத்தான் திட்டுவாரு.” அவள் கடைக்காரியிடம் திரும்பினாள். “நீங்க எங்க நாடகம் பார்க்கறதில்லையா?”

“பார்க்காம என்ன? ஒரு வாரம் விட்டதில்ல. மூத்தவளுக்குத்தானே கல்யாணம்?”

“தெரிஞ்சுமா நீலத்தை விரிச்சீங்க?”

கடைக்காரி கையை நீட்டச் சொல்லி, தோளிலிருந்து மணிக்கட்டு வரை நாடாவைப் பிடித்தாள்.

“அளவு வேறயா? எப்பவும் வாடகைக்குத்தானே வரும். கம்பெனிக்குத் திடீர்னு பணம் கொழிக்குதா? டேய், அந்தப் போனைக் கீழ வையேன். யாருடா அவ, எந்நேரமும் இளிக்கறே?”

சங்மோவின் காது சிவந்தது.

இவர்களை நம்பினால் ஆகாது என்று யோன்சுக் தானே எழுந்து போனாள். அலமாரியிலிருந்து ஒரு ரோஸ் பட்டை உருவிக்கொண்டு வந்தாள்.

சங்மோ போனைப் பையில் போட்டான். ரோஸ் பட்டை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தான். நீலத்தை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

“புதன்கிழமைக்கு ரோஸ் வந்துடும்மா, எப்பவும் போல வாடகைக்கு. இது அடுத்த மாசத்துக்கு.”

“நாடகம்தான் முடியுதே. அடுத்த மாசம் ஏதுடா ஷூட்டிங்?”

“ஷூட்டிங் இல்ல. எனக்குக் கல்யாணம்மா.”