நாலாம் பாகத்துக் குடைக்காரர்

“இட்டுக்கட்டுறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா மாப்ளே? நாலாம் பாகத்துல பாலமும் கிடையாது, சண்டையும் கிடையாது!”

சொல்லிவிட்டு, இஸ்திரிக் கடைக்காரர் மேஜையில் கிடந்த சட்டையை முறைத்தார். “உன்னை யாருடா இப்படிக் கசக்கினது?” என்று அதையும் ஒரு அதட்டு அதட்டிவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

தையல் மெஷினை இறக்கி வைத்துக்கொண்டிருந்த மச்சினன் விடுவதாக இல்லை. “மாமா, அனிமேல அந்தப் பாலச் சண்டை மூணு எபிசோடு வருது. உங்க குடைக்காரர்தான் மருந்துக்குக்கூட இல்ல.”

“அதைத்தானே சொல்றேன்! அவரைத் தூக்கிட்டு, பாலத்தைப் போட்டுட்டானுங்க.”

கடையில் பாதி இடத்தில் மச்சினன் தையல் கடை போடப்போகிறான். புதுக் கடைக்குப் புதுப் பெயர். ‘பேசும் பூட்டு’ கதையிலிருந்துதான் பெயர் என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. பூட்டுகளோடு பேசித் திறக்க வைக்கும் ஒரு சாவிக்காரியின் கதை அது. பன்னிரண்டு லைட் நாவல்களாக, அதாவது விறுவிறுப்பான குட்டி நாவல்களாக வந்து, இப்போது அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடராக ஓடுகிறது. மாமா புத்தகக் கட்சி, மச்சினன் அனிமே கட்சி. அங்கேதான் வம்பே.

“புத்தகத்துல சாவிக்காரி ஒரு பூட்டைத் தொடுறதுக்கு முன்னாடி மூணு பக்கம் யோசிப்பா. உங்க அனிமேல ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான், பூட்டு திறந்துக்குது!”

“அந்தப் பெருமூச்சுக்குப் பின்னாடி ஒரு இசை வருமே, அதை உங்க புத்தகம் வாசிக்குமா? அதுவும் நீங்க எங்க படிச்சீங்க? அக்கா வாசிச்சா, நீங்க கேட்டீங்க.”

“கைதான்டா பெட்டி தேய்க்குது. காது சும்மாதானே இருக்கு?”

உண்மைதான். தினமும் மதியம் அவர் தேய்க்க, எதிரே முக்காலியில் உட்கார்ந்து, பழுப்பு அட்டை போட்ட நூலகப் புத்தகத்தை மனைவி வாசிப்பாள். அப்படியே பன்னிரண்டாம் பாகம் வரை போய்விட்டது.

ஏணி மேலிருந்து பெயின்டர் குரல் கொடுத்தார். “சாவிக்காரியா, குடைக்காரரா? சீக்கிரம் சொல்லுங்க, பெயின்ட் காயுது.”

“குடைக்காரர்!”

“இஸ்திரிக் கடைக்கா? ஊர்ல இருக்கிற ஓட்டைக் குடையெல்லாம் நம்ம வாசலுக்குத்தான் வரும்” என்று மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான்.

பெட்டியை நிமிர்த்தி வைத்தவர் சிரிக்கவில்லை. “போன வருஷம் மூலையில மெஷின் லாண்டரி வந்தப்போ, இந்தக் கடையை இழுத்து மூடிடலாம்னு முடிவே பண்ணிட்டேன். அந்த வாரம்தான் உங்க அக்கா நாலாம் பாகம் வாசிச்சா. ஊரே புதுக் குடைக்கு மாறிடும். குடைக்காரர் மட்டும் தினமும் கடையைத் திறந்து வெச்சுக்கிட்டு, இருக்கிற ஒரு குடையைத் திட்டிக்கிட்டே தைப்பார். ‘மழை என்ன, நின்னுடவா போகுது?’ன்னு கேட்பார். அதைக் கேட்டுத்தான் மறுநாளும் பெட்டியைச் சூடு பண்ணினேன். எழுதினவன் யாரோ, இங்க வந்து உட்கார்ந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கான்!”

மச்சினன் கொஞ்சம் இறங்கி வந்தான். “அவ்வளவு பெரிய ஆளு அஞ்சாம் பாகத்துல ஏன் மாமா வரல?”

“நாலாவது கடைசியில ஊரைவிட்டே போயிடுறாரே! அந்த இடத்துல அழுதுகிட்டே ஒரு பேன்ட்டைக் கருக்கிட்டேன்.”

“அது என் பேன்ட்.”

பித்தான் டப்பாவோடு உள்ளேயிருந்து மனைவி வந்தாள். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. “எதுக்கு இந்த வம்பு? ‘இஸ்திரி, தையல்’னு எழுதினா ஆகாதா?”

“வாசிச்ச நீயே இப்படிச் சொல்லலாமா? குடைக்காரர் உண்டா இல்லையா, உன் தம்பிகிட்ட சொல்லு.”

டப்பா கை நழுவி விழுந்து பித்தான்கள் கடை முழுக்க ஓடின. அவள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள், நிமிரவே இல்லை.

அந்த நேரம் பார்த்து, தேய்த்த துணியை வாங்கிக்கொள்ள நூலகர் அம்மா படியேறினார். கடைக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது.

“நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. நாலாம் பாகத்துல குடைக்காரர் இருந்தா நான் சொல்ற பேரு. இல்லேன்னா இவன் சொல்ற பேரு. புத்தகம் கொடுத்தவங்க நீங்க, நீங்களே சொல்லுங்க.”

நூலகர் அம்மா புரியாமல் பார்த்தார். “நாலாம் பாகமா? அதை நானே இன்னும் கண்ணால பார்க்கலையே! வந்த கட்டுல அஞ்சாவது ரெண்டு இருந்துச்சு, நாலாவது இல்ல. எழுதிப் போட்டேன், இன்னிக்கு வரைக்கும் வரல. உங்க வீட்டம்மாதான், ‘அவரு மனசு உடைஞ்சு கிடக்காரு, கதையும் நின்னுட்டா தாங்க மாட்டாரு’ன்னு மூணாவதையே மறுபடியும் வாங்கிட்டுப் போனாங்க.”

அவள் பொறுக்கிய பித்தான் ஒன்று மறுபடியும் நழுவி, உருண்டு போய் மேஜைக் காலில் முட்டி நின்றது.

“அப்போ...” கடைக்காரர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். “என்கிட்ட நீ எதைத்தான் வாசிச்சே?”

அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். “மூணாவதை விரிச்சு வெச்சுக்கிட்டு, எதிர்ல நின்னு தேய்ச்சுக்கிட்டிருந்த உங்களைத்தான் வாசிச்சேன்.”

மச்சினன் வாசலுக்கு ஓடி, ஏணியைப் பிடித்து உலுக்கினான். “பெயின்டரே, குடைக்காரர்னே எழுதுங்க! கொட்டை எழுத்துல!”