ஆறேகால் மீட்டர் உயரம்

பூண்டிப் பள்ளிக்கூட வாசலில் ஜீப்பிலிருந்து குதித்தான் இன்ஜினியர் அகிலன். ஊரே உள்ளே காத்திருந்தது.

“பனிமூட்டத்துல எதிர்ல ஆளே தெரியல. ஆனாலும் உங்க புது ரோட்டுல கால் மணி நேரத்துல வந்துட்டேன்!”

சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒரு வளைவு போட்டான். ஊர் எல்லைப் பாறைக் கரட்டைக் குடைந்து அமைக்கப்போகும் சுரங்கச் சாலை. ஒரு வருஷமாக ஆபீஸை விட்டு நகராமல் போட்ட கணக்கு.

“அகலம் பத்து மீட்டர். நடுவுல உயரம் ஆறேகால். நடுவுல இருந்து எத்தனை மீட்டர் தள்ளுறீங்களோ, அதை அதாலயே பெருக்கி, நாலால வகுத்து, ஆறேகால்ல கழிங்க. அந்த இடத்து உயரம் வந்துரும்!”

“கேரட் லாரி போகுமா சார்?” என்றார் லாரி ஓட்டும் திருமலைச்சாமி.

“ரெண்டு மீட்டர் தள்ளியும் உயரம் அஞ்சேகால். தாராளமாப் போகும்!”

“பூண்டு மூட்டைய இன்னும் ரெண்டு அடுக்கு ஏத்துனா?”

“போகும்!”

“பழனிக்குப் போற மயில்தோகைக் காவடி?”

“ஆடிக்கிட்டே போகலாம்!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அகிலனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

“யானை மேல அம்பாரி வச்சுப் போனாலும் தட்டாதுங்க!”

பூண்டு விவசாயி சோலையம்மாள் எழுந்தாள்.

“எப்பிடித் தம்பி தட்டும்? ரோட்டுக்கு ஜல்லி வேணும்னு காண்டிராக்டர் ஆளுங்க அந்தக் கரட்டையே ஒடச்சு அள்ளிட்டாங்களே! அது கெடந்த எடத்து வழியாத்தான் நீங்க வெரசா வந்து எறங்கியிருக்கீங்க. வரும்போது வானம் தட்டுச்சா?”