மரத்தடியில் ஒரு கைநாட்டு

வளைகுடா நகரத்தின் முவைலா நடைபாதையில் மஃரிப் பாங்குக்கு முந்தைய அந்தி வெளிச்சம் மணல் நிறத்தில் படிந்திருக்கிறது. பாலைவனக் காஃப் மரத்தடியில், கற்களுக்கு அடியில் யாரோ மறைத்துவைத்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தியிருக்கிறாள் நஜீஹா. உள்ளே மைப்பெட்டியும் சின்ன நோட்டும். நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஆமை, பல்லி என்று விதவிதமான முத்திரைகள். “விளையாட்டு மச்சான். கண்டுபிடிக்கிறவங்க அவங்க முத்திரையக் குத்திட்டுப் போகணுமாம், இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. நம்மகிட்ட முத்திரை ஏது? அதான் கைநாட்டு வெச்சேன்.” அவள் நிமிர்த்திக் காட்டும் கட்டைவிரலில் நீல மை ஈரமாக மின்னுகிறது. அவள் கணவர் கௌஸ் முகைதீன் சட்டென்று நோட்டைப் பிடுங்குகிறார். யாருடையதென்று தெரியாமல் ஒரு பார்சலை வாங்கி வைத்த பக்கத்து ரூம்காரர் இன்னும் ஜெயிலில் இருக்கிறார். இவள் விசாவுக்காகப் பத்து விரலையும் பதித்துக்கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. “கிறுக்கி! எவன் எதுக்கு ஒளிச்சு வெச்சானோ, அதுல போயி கைநாட்டு வெப்பியா?” அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணிக்கிறார். சட்டை நுனியால் டப்பாவின் மூடியைத் துடைக்கிறார், அடியைத் துடைக்கிறார், மறுபடியும் மூடியைத் துடைக்கிறார். கற்களை அடுக்கும்போது ஒரு கல் உருண்டோடுகிறது. அந்த நேரம் பார்த்து விளக்குகள் எரிய, தலைக்கு நேர் மேலே, கம்பத்தில், கேமராவின் உருண்டைக் கண்ணாடி பளபளக்கிறது. இவ்வளவு நேரமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. “நஜீஹா,” உதடு அசையாமல் சொல்கிறார், “சிரிச்சுக்கிட்டே நட.” கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, அவள் பல் தெரியச் சிரிக்கிறாள்.