முடி எண்ணெய் விளம்பரம்

மெக்கானிக் அன்று காலை நிராகரித்த முதல் மடல், செத்துப்போன இளவரசர் ஒருவரின் சொத்தில் பங்கு தருவதாகச் சொன்னது. அடுத்ததாகக் காத்திருந்தது, வழுக்கையில் முடி வளர்க்கும் எண்ணெய். அவருக்கே அது தேவைதான். இருந்தாலும் விதி விதிதான்.

லிப்ட் பழுதுபார்ப்பவர்களுக்கான மடற்குழு அது. ஒருவர் புதிதாக எழுதினால் எல்லோருக்கும் போகும், மெக்கானிக் 'அனுமதி'யை அழுத்தினால்; அதற்கு வரும் பதில்கள் நேரே போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒரு குப்பை விளம்பரம்கூட அவரைத் தாண்டியதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

முழங்கால் கெட்டு வேலையை விட்டபிறகு அவருக்கென்று மிஞ்சியது இது ஒன்றுதான்.

இப்போது குப்பை மட்டும்தான் வருகிறது. "யாராவது இருக்கிறீர்களா?" என்று போன வாரம் அவரே எழுதிப் பார்த்தார். ஈ காக்காய் இல்லை.

"ஆளே இல்லாத வீட்டுக்கு எதுக்குங்க காவல்?" என்றாள் மனைவி, தன் வேலைச் சட்டையைத் தேய்த்தபடி.

உறைத்தது. இன்றோடு குழுவை மூடிவிடுவதாக அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டு, பழைய மடல்களை ஒருமுறை மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்தார். இந்த எண்ணெயையும் தள்ளிவிட்டு மூடலாம்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அவள் கையில் இஸ்திரிப் பெட்டி. பால்கனியில் காயும் துணியை எடுக்க அவர்தான் நொண்டிக்கொண்டு ஓடினார்.

திரும்பி வந்தபோது கணினி விடாமல் மணியடித்துக்கொண்டிருந்தது. ஈரத்துணியோடு நின்றபடியே படித்தார்.

'அண்ணே, மொட்டைத் தலையில முடி முளைக்கணும்னு ஆசை வந்துடுச்சா?'

'தலைவரே, காவலுக்கு உக்காந்து தூங்கிட்டீங்களா?'

ஒருவர் திட்டியதோடு நிற்காமல், பாதி திறந்து நின்றுவிடும் கதவுக்கு வழி கேட்டிருந்தார். அதற்கு இன்னொருவர் பதிலும் போட்டுவிட்டார்.

எண்ணெய் விளம்பரம் எல்லோருக்கும் போயிருந்தது. எழுந்த அவசரத்தில் விரல் தவறியிருக்க வேண்டும். மானம் போய்விட்டது. ஆனாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேரும் இருக்கிறார்கள்!

மன்னிப்பு எழுத உட்கார்ந்தார். முழங்கால் மேசையின் அடியில் இடித்தது.

நாற்காலி உயர்ந்திருந்தது. மேசை எட்டாமல் அதை உயர்த்திக்கொள்ளும் அளவுக்குக் குள்ளமான ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான்.

திரும்பிப் பார்த்தார். தேய்த்து முடித்த சட்டையையே மனைவி மறுபடியும் மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

'கை தவறிவிட்டது, மன்னிக்கவும்' என்று எழுதி அனுப்பினார்.

நாற்காலியை இறக்கவில்லை.