டயபர் வயது

“மூணு வயசு முடியப் போகுது. இன்னும் டயபரா? வெட்கமா இல்ல உனக்கு?”

மூக்கைப் பொத்திக்கொண்டு பாத்ரூமிலிருந்து வெளியே வந்த மகள்தான் கேட்டாள். கேட்டது தம்பி மனைவியை. ஆனால் காது சுட்டது, சோபாவில் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு.

“இல்ல அண்ணி... ஆபீஸ், வீடுன்னு ஓடறதுல பழக்கவே நேரம் கிடைக்கல” என்றாள் மருமகள்.

“நேரமா? என் பொண்ணு ஒண்ணரை வயசுலயே வாயைத் திறந்து கேட்டுடுவா. நானும் வேலைக்குப் போனவதான். பொறுப்பு இருக்கணும்மா! லீவு நாள்னு ஒரு வாளி நிறைய அடைச்சு வெச்சிருக்கே. மூடியைத் திறந்தா குடலைப் பிடுங்குது.”

“நான் கொஞ்சம் சோம்பேறிதான் அண்ணி.”

“சிரிப்பு வேற!”

“மெதுவா அண்ணி, பிள்ளை உள்ள தூங்கறான்.”

பெரியவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

ரயில் ஓட்டியவர். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அடக்கியே பழகிய உடம்பு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் சிக்னலைத் தாண்டிவிட்டது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

மனைவி இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அவள் திட்டியிருப்பாள், சிரித்திருப்பாள், கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பாள். அவள்தான் இல்லையே. மகனுக்கு வெளியூரில் வேலை. போனில் “சாப்பிட்டீங்களாப்பா?” என்பதோடு சரி. அதற்கு மேல் கேட்காத பிள்ளையிடம் எதைச் சொல்வது? மருமகளிடம் சொல்வதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

அதனால் தெரிந்த முகம் தென்படாத ஏதோ ஒரு மருந்துக்கடை. “படுத்த படுக்கையா கிடக்கற எங்க அண்ணனுக்கு” என்று இல்லாத அண்ணனின் பேரில் ஒரு பொய். வாங்கி வந்த பெரியவர்கள் டயபரைத் தன் பீரோவுக்குள் பழைய யூனிபார்முக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். காலையில் பேப்பரில் சுற்றி, பேரனுடைய வாளியின் அடியில் திணித்துவிடுவார். மருமகள் ஆபீஸுக்கு ஓடுகிற அவசரத்தில் குப்பைப் பையின் வாயைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

பேரன் புண்ணியத்தில் மானம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேரனைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, துடைப்பது எல்லாம் அம்மாக்காரியின் வேலை. தாத்தா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. தன் அறை, தன் கட்டில், தன் ரேடியோ.

“அடுத்த வாரம் லீவு போட்டுட்டு வந்து தங்கறேன்” என்றாள் மகள். “ஒரே வாரத்துல பழக்கிக் காட்டறேன், பாரு. இப்போ முதல் வேலையா அந்த வாளியைத் தூக்கிக் கடாசறேன்.”

பெரியவர் சட்டென்று பேப்பரைத் தாழ்த்தினார்.

“இருக்கட்டும்மா. பச்சைக் குழந்தைதானே? அவன் பாட்டுக்குப் பழகட்டும்.”

“எல்லாம் நீங்க குடுக்கற செல்லம்தாம்ப்பா. இவளுக்கும் அது வசதியாப் போச்சு.”

“வாளி இருக்கட்டும் அண்ணி.” மருமகளின் குரல் முதல் தடவையாக இறுகியது. “எப்போ எடுக்கணும்னு நான் பார்த்துக்கறேன்.”

“ஓஹோ! அப்போ கேக்கறவங்ககிட்ட நான் என்ன சொல்றது? என் தம்பி பொண்டாட்டிக்குப் பிள்ளை வளர்க்கத் துப்பில்லைன்னா?”

“சொல்லிக்கோங்க.”

‘அவ மேல தப்பில்லம்மா.’ இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? எத்தனையோ பெட்டிகளை இழுத்துப் போனவருக்கு இந்த ஒரு வாக்கியத்தை இழுத்து வெளியே கொண்டுவர முடியவில்லை. தன் மானத்துக்காக இன்னொருத்தி மானம் போவதைக் கேட்டுக்கொண்டே, வாடகைக்கு வீடு விளம்பரங்களை வரி விடாமல் படித்தார்.

மகள் விடுவிடுவென்று கிளம்பினாள். அத்தனை பேச்சுக்கும் பிறகு, அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு மாடியிறங்கி டாக்சி வரைக்கும் போனாள் மருமகள்.

வீடு வெறிச்சென்று ஆனது. அவள் மேலே வந்ததும் சொல்லிவிடலாமா? எப்படி ஆரம்பிப்பது? ‘ஏம்மா...’ என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

“தாத்தா! பாத்ரூம் லைட்டு போடு. எனக்கு எட்டல.”

தூக்கக் கலக்கத்தோடு பேரன் அறை வாசலில் நின்றான்.

“இப்போ எதுக்குடா லைட்டு?”

“ஒண்ணுக்கு.”

போட்டார். வாண்டு உள்ளே போனான். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். வேலையை முடித்தான், தண்ணீர் ஊற்றினான், கையைக் கழுவி அவர் சட்டையில் துடைத்தான்.

பெரியவர் வாயைப் பிளந்தார்.

“எப்போடா கத்துக்கிட்டே?”

“எப்பவோ! கிரெச்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு.”

“அப்போ வாளியில தினம் உன்னோட டயபர் கிடக்குதே?”

“அதுவா? அம்மா புதுசு ஒண்ணு எடுத்து, தண்ணி ஊத்தி, சுருட்டி மேல வெச்சுடுவா.”

“ஏண்டா?”

“யாருக்கோ துணைக்காம். யாருக்கும்மான்னு கேட்டா சொல்லவே மாட்டேங்கறா.” பேரன் அவர் விரலைப் பிடித்து ஆட்டினான். “உனக்குத் தெரியுமா தாத்தா?”